துடைப்பம் பேசும், பெருக்குவது பேசாது

அடுத்த மாதம் இந்தோனேசியாவின் சோலோ நகருக்குக் குடிவரவிருக்கும் தோழி ஒருத்தி, "உன் மகள் பஹாசா கற்ற அந்தப் பேசும் அட்டைக் கருவியை என் பையனுக்கும் வாங்கலாமா?" என்று கேட்டிருந்தாள். பஹாசா என்றால் இந்தோனேசிய மொழி; அட்டையைச் செருகினால் அதிலுள்ள சொல்லை உச்சரித்துக் காட்டும் கருவி அது. நேற்றுதான் அதன் சார்ஜர் துளையைப் பற்றவைத்து வாங்கி வந்தேன். இரண்டு வருடத்தில் இது இரண்டாவது முறை. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

உச்சரிப்பில் மட்டும் குறையே சொல்ல முடியாது. ஆப்பிளுக்கும் காலை அணிவகுப்புக்கும் இந்தோனேசிய மொழியில் எழுத்துக்கூட்டல் ஒன்றுதான். பழமென்றால் 'ஆப்பல்' என்பதுபோல மழுங்கி ஒலிக்கும். அணிவகுப்பு என்றால் 'ஆப்பேல்'. சந்தையில் நான் பழத்தை 'ஆப்பேல்' என்றே கேட்டு வந்தேன். கருவியைக் கேட்டுப் பழகிய மகள்தான் என்னைத் திருத்தினாள். அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

ஆனால் அந்தக் கருவிக்குப் பெயர்ச்சொல்லைத் தவிர எதுவும் தெரியாது. 'சாப்பு' என்றால் துடைப்பம். ஓரம் நைந்துபோகும் அளவுக்கு அந்த அட்டையைச் செருகிச் செருகிக் கேட்டிருக்கிறாள். ஒருநாள் பாடப் புத்தகத்தில் 'இபு மெஞாப்பு ஹலாமான்' என்று வந்தது. அம்மா முற்றம் பெருக்குகிறாள். மகள் அட்டைகளையெல்லாம் தரையில் பரப்பி 'மெஞாப்பு'வைத் தேடினாள். வினைச்சொல்லாக்கும் 'மெ' முன்னால் சேரும்போது சகரம் மறைந்து ஞகரம் வந்துவிடும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அச்சு அகராதியிலும் அந்தச் சொல் 'சாப்பு'வின் கீழ்தான் இருக்கும். வேர் தெரியாத குழந்தை எங்கே போய்த் தேடும்?

பக்கத்து வீட்டுப் பையன் இந்தக் கருவியைத் தொட்டதுகூட இல்லை. எட்டிப் பார்த்து, "அது ஞாப்புதானே!" என்றான். அவன் வீட்டில் பேசும் ஜாவா மொழியிலும் துடைப்பம் சாப்பு, பெருக்குவது ஞாப்பு. வீட்டிலேயே அந்த வழக்கம் இருக்கும் பிள்ளை தப்பித்துக்கொள்கிறான். வெளியிலிருந்து வரும் நம் பிள்ளைகளுக்குத்தான் இது தேவை, அவர்களைத்தான் இந்தக் கருவி பாதி வழியில் விட்டுவிடுகிறது.

அன்றிரவே மார்க்கரை எடுத்து அட்டைகளின் பின்பக்கம் எழுதினேன். சீப்புக்கு 'சீசிர்', வாருவதற்கு 'மெஞீசிர்'. ஆணிக்குப் 'பாக்கு' (நம் பாக்கு இல்லை), ஆணி அடிப்பதற்கு 'மெமாக்கு'. கத்தரிக்கோலுக்கு 'குந்திங்', வெட்டுவதற்கு 'மெங்குந்திங்'. இங்கே ககரம் மறையாது. இதையும் மகள் கேட்டாள், ஏன் மறையவில்லை என்று. அப்படிக் கேட்க வைத்தது கையால் எழுதிய அந்தப் பின்பக்கம்தான்.

ஆகவே தோழி, நீ வாங்காதே. அந்தக் காசுக்குப் படக்கதைப் புத்தகங்கள் வாங்கி, பையனோடு உட்கார்ந்து சத்தமாகப் படி. உச்சரிப்புக்கு வேண்டுமென்றால் இங்கே வந்ததும் எங்களுடையதை எடுத்துக்கொள். சார்ஜர் வயரை மட்டும் நேராகப் பிடித்துச் செருகு. பின்பக்கம் எழுதிய அட்டைகளைத் தனியாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.