38 சிசி என்று காட்டி அப்பாவுக்கு ஆபரேஷன் தேதி குறித்தார்கள்

அப்பாவுக்கு 67 வயது. ராத்திரி ஒருமுறை, சில நாள் இரண்டுமுறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பார். மற்றபடி தொந்தரவு இல்லை. சித்திரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இலவச முகாமுக்குப் போனார். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'புராஸ்டேட் 38 சிசி, கிரேடு 1 வீக்கம்' என்று வந்தது. புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி, சிசி என்பது அதன் பருமனைச் சொல்லும் அளவு. அந்த 38-ஐச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம். "இருக்க வேண்டியது 20தான் ஐயா. விட்டால் கேன்சர் ஆயிடும்" என்று சொல்லி, அன்றைக்கே 15,000 ரூபாய் முன்பணம் கட்ட வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவர் யாரிடமும் பேசவில்லை. பீரோவைத் திறந்து, வீட்டுப் பத்திரம் எந்த உறையில் இருக்கிறது என்று அம்மாவுக்குக் காட்டினார். அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

மறுவாரம் அரசு மருத்துவமனையின் சிறுநீரகவியல் பிரிவுக்கு அழைத்துப் போனேன். அந்த டாக்டர் ரிப்போர்ட்டைத் தொடுவதற்கு முன்பே கேள்விதான் கேட்டார். சிறுநீர் நின்று நின்று வருகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, அவசரம் தாங்குமா, ரத்தம் வந்ததுண்டா? அப்புறம்தான் சொன்னார்: 20 சிசி என்பது இளவயதுக்காரர்களின் அளவு. 40 வயதுக்கு மேல் இந்தச் சுரப்பி மெல்ல வளரும். அறுபதுகளில் 30, 40 என்பது சாதாரணம். 30 சிசியிலேயே அடைத்துக்கொண்டு அவதிப்படுபவரும் உண்டு, 80 வைத்துக்கொண்டு நன்றாக இருப்பவரும் உண்டு. இந்த வீக்கம் கேன்சர் இல்லை, கேன்சராக மாறுவதும் இல்லை.

முகாம் ரிப்போர்ட்டில் 'கழித்த பிறகு மீதி 140 மில்லி' என்றும் இருந்தது. அப்பாவிடம் கேட்டபோதுதான் தெரிந்தது: தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, ஒன்றரை மணி நேரம் வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். அடக்க முடியாமல் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தாராம். சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிரம்பினால் ஒரே தடவையில் காலியாகாது. நிதானமாகத் திரும்ப எடுத்ததில் மீதி 30 மில்லிதான்.

பிஎஸ்ஏ, அதாவது புராஸ்டேட் கேன்சர் சந்தேகத்துக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை, 5.8 என்றும் பயமுறுத்தியிருந்தார்கள். அந்த வாரம் அவருக்குச் சிறுநீர்த் தொற்று இருந்தது. தொற்று இருந்தாலே அந்த எண் ஏறும். ஆறு வாரம் கழித்துப் பார்த்ததில் 2.1. மாத்திரைகூடத் தேவைப்படவில்லை. சாயங்காலத்துக்கு மேல் டீ வேண்டாம், வருடம் ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார், அவ்வளவுதான்.

சிறுநீர் அடியோடு அடைத்துக்கொள்வது, சிறுநீரகம் பாதிக்கப்படுவது, பையில் கல், திரும்பத் திரும்பத் தொற்று, ரத்தம், மாத்திரைக்கும் அடங்காத அவதி என்று இருந்தால் ஆபரேஷன் தேவைதான். அப்படி இருப்பவர்கள் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ஆனால் வெறும் சிசியைக் காட்டித் தேதி குறித்தால், பணம் கட்டாமல் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரத்து செய்தால் திரும்பக் கிடையாது' என்று இருப்பதைக் காட்டினார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாம் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் இல்லை. சிவப்பு வட்டம் போட்ட அந்தத் தாளையும் சேர்த்தே வைக்கிறேன்.