நாங்குநேரி டோலா, துபாய் சாலிக்கா?

நம்ம நாங்குநேரி டோல்ல ஃபாஸ்டேக் ஸ்கேன் ஆவுற வரைக்கும் கம்பி தூக்காது வே, பின்னாடி ஒருத்தன் ஆரன் அடிச்சிக்கிட்டே கெடப்பான், ஆனா எவ்ளோ போச்சுன்னு மெசேஜ் வந்துரும். துபாய்ல கம்பியே கெடையாது, ஷேக் சாயித் ரோட்டுல போற வேகத்துலயே மேல இருக்க சாலிக்குங்கிற டோல் கேட் காச உருவிரும். சாதாரண நாள்ல காலைல 6-10, சாயங்காலம் 4-8ன்னா 6 திர்ஹாம், மத்தபடி 4, ராத்திரி 1ல இருந்து 6 வர ஃப்ரீ. வாடக கார்னா டேக் ஏற்கனவே ஒட்டிருக்கும், நாம எதுவும் வாங்க வேண்டாம், சொகந்தான். ஆனா துட்டு வாடக கம்பெனிக்காரன் கணக்குல போயி பொறவு சர்வீஸ் சார்ஜோட நம்ம தலைல விழும், எனக்கு ஊருக்கு வந்தப்புறம் அந்த பில்லு வந்து கிறுகிறுத்துட்டு. அவசரமில்லன்னா 311 ரோட்டுல (ஷேக் முகமது பின் சாயித் ரோடு) போலாம், அதுல சாலிக் கேட்டே இல்ல.