செவி மான்சாவா, மஸ்டாங் 2-ஆ?

எழுபதுகளில் வந்த அமெரிக்க கூப்பே (இரண்டு கதவுக் கார்) ஒன்று வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது என்பவர்கள் கடைசியில் செவ்ரோலேயின் மான்சா, ஃபோர்டின் மஸ்டாங் 2 என்ற இந்த இரண்டில் வந்து நிற்பார்கள்.

பந்தயப் பெயர்:
மான்சா – இதுதான் அதன் சொத்து. டீகான் நிறுவனம் கட்டிய பந்தய மான்சாக்களில் ஓட்டுநர் ஆல் ஹோல்பர்ட் போர்ஷேக்களை ஓரங்கட்டி, 1976, 1977 இரண்டு ஆண்டுகளும் அமெரிக்க கார் பந்தயத் தொடரான ஐஎம்எஸ்ஏ ஜிடி-யின் பட்டத்தைத் தட்டிச் சென்றார். ஆனால் கடையில் விற்ற வண்டிக்கும் அதற்கும் உருவம்தான் ஒற்றுமை. 1975-இன் 4.3 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) கொடுத்தது வெறும் 110 குதிரைத்திறன்!
மஸ்டாங் 2 – பந்தயத்தில் சொல்லிக்கொள்ள அதிகமில்லை.

பராமரிப்பு:
மான்சா – முதலில் ரோட்டரி எஞ்சினை (பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் வகை) மனதில் வைத்து வரைந்த வண்டி. அந்த எஞ்சின் வரவே இல்லை, வி8-ஐத் திணித்தார்கள். விளைவு, ஒரு ஸ்பார்க் பிளக்கை மாற்ற எஞ்சின் மவுண்டைத் தளர்த்தி, எஞ்சினையே சற்றுத் தூக்க வேண்டும். துருவும் பிடிக்கும்.
மஸ்டாங் 2 – உதிரிபாகம் எளிது. இதன் முன்பக்க சஸ்பென்ஷனை ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) கட்டுபவர்கள் இன்றும் விரும்புகிறார்கள். அதற்காகவே பல வண்டிகள் வெட்டப்பட்டன என்பது வேறு கதை.

சேகரிப்பு மதிப்பு:
மான்சா – வி8 எஞ்சினுள்ள ஸ்பைடர் ரகம், துருவில்லாமல் கிடைத்தால் விடாதீர்கள்.
மஸ்டாங் 2 – 1978-இன் கிங் கோப்ரா ரகம் மட்டும்.

அடிக்கடி ஓட்ட மஸ்டாங் 2 போதும். பந்தய வரலாற்றுக்காக வாங்குபவருக்கு மான்சாதான், கூடவே பொறுமையான மெக்கானிக்கும்.