இலவச இணையச் சட்ட உதவி: சிறு தொழில்காரருக்கு எது கைகொடுக்கும்?

பாக்கி வரவில்லை. சரக்கு தரமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூட்டாளி கணக்குக் காட்ட மறுக்கிறார். கொடுத்த முன்பணம் திரும்பவில்லை. சிறு தொழில் நடத்துகிறவர்களுக்கு வரும் சிவில் தகராறுகள் பெரும்பாலும் இந்த நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும். தொகை வக்கீல் வைக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்காது, விட்டுத்தள்ளும் அளவுக்குச் சிறிதாகவும் இருக்காது. அதனால் முதலில் இணையத்தில் இலவசமாக ஏதாவது கிடைக்குமா என்று தேடுவார்கள்.

கிடைக்கும், நிறையவே. சிக்கல் என்னவென்றால், நீதிமன்றமே நடத்தும் வழிகாட்டித் தளம், தன்னார்வ வக்கீல்கள் பதில் எழுதும் கேள்வி-பதில் தளம், சட்டக் கல்லூரி கிளினிக், சமரச சேவை, சாட்பாட் எல்லாமே ‘இலவச சட்ட உதவி’ என்ற ஒரே பெயரில்தான் வருகின்றன. செய்யும் வேலையோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது. இவற்றை ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: உங்கள் காகிதத்தை யாராவது படிக்கிறார்களா? சட்டம் பொதுவாக என்ன சொல்கிறது என்பது எங்கே தேடினாலும் கிடைத்துவிடும். உங்கள் ஒப்பந்தத்தில் பணம் தரவேண்டிய தேதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது, எதிராளி வாட்ஸப்பில் “அடுத்த மாசம் பார்க்கலாம்” என்று எழுதியது கடனை ஒப்புக்கொண்டதாகுமா என்பதில்தான் வழக்கு நிற்கும்.

தேடும் முன் இரண்டு விஷயம்

முதலாவது, தொழில் யார் பெயரில் இருக்கிறது. அரசு தரும் இலவச சட்ட உதவித் திட்டங்கள் பொதுவாக மனிதர்களுக்கானவை, கம்பெனிகளுக்கானவை அல்ல. இங்கிலாந்தில் 2012ஆம் ஆண்டுச் சட்டம், தொழில் நடத்துவதால் வரும் தகராறுகளைச் சட்ட உதவியிலிருந்து வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. இந்தியாவில் 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு யார் யாருக்குத் தகுதி என்று பட்டியல் போடுகிறது. அதில் பிரைவேட் லிமிடெட் கம்பெனி இல்லை. ஆனால் பெண்கள் இருக்கிறார்கள், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இருக்கிறார்கள், மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். தன் பெயரிலேயே தொழில் நடத்தும் ஒரு பெண் வருமானச் சான்று காட்டாமலே இதில் விண்ணப்பிக்க முடியும். பலருக்கு இது தெரிவதில்லை. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் கம்பெனி என்றால் வக்கீல் இல்லாமல் ஆஜராகவே முடியாது. 1993இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்திருக்கிறது. அங்கே ‘நீங்களே வாதாடலாம் வாருங்கள்’ என்று கற்றுத்தரும் தளம் ஒரு கம்பெனிக்குப் பெரிதாக உதவப்போவதில்லை.

இரண்டாவது, சம்மன் வந்துவிட்டதா, இல்லையா. நீங்கள் வழக்குப் போடப்போகிறவர் என்றால் நிதானமாகத் தேடலாம். உங்கள் மேல் வழக்கு வந்திருந்தால் நாள் ஓட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இங்கிலாந்தில் வழக்கு விவரம் கையில் கிடைத்ததிலிருந்து பதிலுக்குப் பொதுவாக 14 நாள் (வழக்கு கிடைத்தது என்று ஒப்புகை கொடுத்தால் 28 நாள்). அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் 21 நாள். இந்தியாவில் எதிர்வழக்குரைக்கு முதல் கெடு 30 நாள். இதைத் தவறவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலேயே தீர்ப்பு வந்துவிடக்கூடும். கேள்வி போட்டுவிட்டு யாராவது பதில் எழுதட்டும் என்று காத்திருக்கும் தளம் எதுவும் இந்த நிலைமைக்கு ஒத்துவராது.

நீதிமன்றத்தின் சொந்தத் தளம்

என் கணக்கில் இதற்குத்தான் முதலிடம். பார்க்கக் கவர்ச்சியாக இருக்காது, தேடுபொறியில் மேலே வராது. ஆனால் படிவமும் கெடுவும் கட்டணமும் சரியாக இருக்கும் ஒரே இடம் இதுதான்.

நல்ல மாதிரி வேண்டுமென்றால் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தைப் பார்க்கலாம். அங்கே சிவில் தகராறுகளுக்கென்று முழுக்க இணையவழியில் இயங்கும் தீர்ப்பாயம் ஒன்று இருக்கிறது. 2017 ஜூனிலிருந்து 5,000 கனடிய டாலர் வரையிலான சிறு வழக்குகளை எடுக்கிறது. விண்ணப்பத்துக்கு முன்னால் அதன் தளத்தில் இலவசமாக ஒரு கேள்வி வரிசை உண்டு. பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். பொருளா சேவையா, நீங்கள் பணம் வரவேண்டியவரா தரவேண்டியவரா, எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகும். கடைசியில் உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் சட்டம் எளிய மொழியில் வரும். எதிராளிக்கு அனுப்பக் கடிதத்தின் மாதிரியும் கிடைக்கும். தீர்ப்பாயம் வரை போகாமல் அந்தக் கடிதத்தோடு முடிந்தாலும் முடியலாம்.

சிங்கப்பூரில் சிறு உரிமைக்கோரல் தீர்ப்பாயத்துக்கான இணைய அமைப்பு, வழக்கு எண் வாங்கியபின் இரு தரப்பும் திரையிலேயே பேரம் பேச இடம் தருகிறது. 20,000 சிங்கப்பூர் டாலர் வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. அங்கே வக்கீல்கள் உள்ளே வரவே முடியாது. எதிரில் பெரிய கம்பெனி இருந்தால் இதைவிடப் பெரிய உதவி கிடையாது என்பேன்.

இந்தியாவில் குறு, சிறு நிறுவனங்களுக்கு வரவேண்டிய பாக்கி தாமதமானால் புகார் செய்ய 2017 அக்டோபரில் வந்த சமாதான் தளம் இருக்கிறது. அதன் பின்னால் நிற்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டம் கொஞ்சம் பல்லுள்ள சட்டம். எழுத்தில் என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளைக்குள் பணம் வந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக நினைக்கும் வாங்குபவர் முதலில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. வாங்கி விற்கும் வியாபாரிகள் உத்யம் பதிவு வைத்திருந்தாலும் தாமதமான பாக்கிக்கான இந்தப் பாதுகாப்பு அவர்களுக்கு நீட்டிக்கப்படவில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது வீண்.

இந்த வகைக்கு ஒரு பெரிய குறை உண்டு. நீதிமன்றத் தளம் யார் பக்கமும் சாயாது. எப்படிப் போடுவது என்று சொல்லும். போடலாமா, ஜெயிப்பீர்களா என்று சொல்லாது. அப்புறம் வழிகாட்டல்தான் இலவசம், வழக்குக் கட்டணம் தனி.

கேள்வி-பதில் தளங்கள்

அமெரிக்க வக்கீல் சங்கம் 2016 முதல் நடத்திவரும் தளம் இதற்குப் பெரிய உதாரணம். சிவில் கேள்வி மட்டும், வருமான வரம்பு உண்டு, பதில் எழுதுகிறவர் கேட்கிறவரின் மாநிலத்து வக்கீல். இப்படி யார் பதில் சொல்கிறார், எந்த ஊர்ச் சட்டத்தில் உரிமம் பெற்றவர் என்று தெரிகிற தளம் உருப்படியானது. யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம் என்ற தளங்கள் வேறு ரகம்.

ஏன் ஊர் முக்கியம் என்றால், ஒப்பந்தப் பாக்கிக்கு வழக்குப் போடும் காலவரம்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் பொதுவாக 3 வருடம். இங்கிலாந்திலும் மலேசியாவிலும் 6 வருடம். கனடாவின் ஒன்டாரியோவில் 2 வருடம். இலங்கையில் எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு 6 வருடம், விற்றுக் கொடுத்த சரக்கின் விலைக்கு ஒரே வருடம். இங்கிலாந்து வக்கீல் எழுதிய நல்ல பதிலைப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்த ஒன்டாரியோக்காரர், மூன்றாவது வருடத்தில் வழக்குப் போடப்போனால் கதவு மூடியிருக்கும். பதிலில் தப்பே இருக்காது, ஊர்தான் வேறு.

இந்தத் தளங்களில் பதிலின் தரம் பாதி உங்கள் கேள்வியில் இருக்கிறது. “அச்சு வேலை செய்து கொடுத்தேன், காசு தரமாட்டேன் என்கிறார், என்ன பண்ணலாம்?” என்று கேட்டால் “வக்கீலைப் பாருங்கள்” என்றுதான் பதில் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. மார்ச் 4 மின்னஞ்சலில் விலையை ஒப்புக்கொண்டார். ஏப்ரல் 10 சரக்குப் பெற்றுக் கையெழுத்துப் போட்டார். பாதிப் பணம் தந்தார். ஜூன் மாதம்தான் முதல்முறையாகத் தரம் சரியில்லை என்றார். இவ்வளவு தாமதமான புகார் மீதிப் பணத்தை நிறுத்திவைக்கக் காரணமாகுமா?” இப்போது பதில் சொல்கிறவருக்குப் பிடி கிடைக்கிறது. ஆனால் எதிராளி பெயரைப் பொதுவெளியில் போடாதீர்கள். பாக்கித் தகராறோடு அவதூறு வழக்கும் சேர்ந்துகொள்ளும்.

கிளினிக்கும் முதல் ஆலோசனையும்

சட்டக் கல்லூரி கிளினிக்கில் மாணவர்கள் வேலை செய்வார்கள், பொறுப்பு வக்கீல் மேற்பார்வை பார்ப்பார். மேலே சொன்ன அளவுகோலில் இதற்கு முழு மதிப்பெண், ஏனென்றால் உங்கள் காகிதத்தை வரிவரியாகப் படிப்பார்கள். சில நேரம் காசு வாங்கும் வக்கீலைவிட நிதானமாகவே. குறை வேகத்தில். வரிசை நீளம், தேர்வு வந்தால் கதவு சாத்திவிடுவார்கள், எடுக்கும் வழக்குகளும் கொஞ்சம்தான். வழக்குக்கு முந்தைய கட்டத்துக்கு, ஒப்பந்தம் படிக்க, நோட்டீஸ் எழுத, இது சரி.

வக்கீல் அலுவலகங்கள் தரும் இலவச முதல் அழைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது அவர்களுக்கு வாடிக்கையாளர் பிடிக்கும் வழி, அதில் தப்பும் இல்லை. கெடு என்றைக்கு, மொத்தச் செலவு எவ்வளவு ஆகும் என்ற இரண்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிடலாம்.

சமரசம்: யாரும் தேடாதது

இலவச உதவி என்றதும் யாரும் சமரசத்தைத் தேடுவதில்லை. விட்டுக்கொடுப்பது போல ஓர் எண்ணம். எதிராளி தொடர்ந்து வியாபாரம் வைத்துக்கொள்ள வேண்டிய ஆள் என்றால் இதைவிட்டால் வேறு வழியும் கிடையாது.

இங்கிலாந்து, வேல்ஸில் 2024 மே 22 முதல் 10,000 பவுண்டு வரையிலான பணக் கோரிக்கைகளுக்கு நீதிமன்றமே நடத்தும் ஒரு மணிநேரத் தொலைபேசிச் சமரசம் கட்டாயம், இலவசம். சமரசர் இரு தரப்பையும் தனித்தனியாக அழைப்பார். எதிராளியின் குரலைக்கூட நீங்கள் கேட்க வேண்டியதில்லை. கோபத்தில் இருக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி! இந்தியாவில் 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டத்தின்படி, 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அவசரமற்ற வணிக வழக்குகளுக்கு முன்கூட்டிய சமரச முயற்சி கட்டாயம். அதைச் செய்யாமல் போட்ட வழக்கு நிராகரிக்கப்படும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பி வரும், மேல்முறையீடு கிடையாது. அந்தக் கடைசி விஷயம் இரு பக்கமும் வெட்டும். கையெழுத்துப் போட்டபின் “யோசிக்கவில்லை” என்று சொல்ல முடியாது.

தளம் நிலைத்து நிற்கிறதா என்றும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் நுகர்வோர்-வணிகர் தகராறுகளுக்காக 2016இல் திறந்த இணையத் தளத்தை, போதிய பயன்பாடு இல்லை என்று 2025 ஜூலை 20 அன்று மூடிவிட்டது. அந்தத் தளத்தின் இணைப்பைச் சுமந்துகொண்டிருக்கும் பழைய வழிகாட்டிக் கட்டுரைகள் இன்னும் நிறைய சுற்றுகின்றன.

சாட்பாட்

இப்போது பலரும் முதலில் போகும் இடம் இதுதான். ராத்திரி ஒரு மணிக்கும் பதில் சொல்லும், முகம் சுளிக்காது, தமிழிலும் பேசும். காகிதத்தை ‘படிக்கவும்’ செய்யும். அதனால் என் அளவுகோல் இங்கே தடுமாறுகிறது: படிப்பது சரி, படித்ததற்குப் பொறுப்பு யார்?

2023இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல்செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். ‘உலகின் முதல் ரோபோ வக்கீல்’ என்று விளம்பரம் செய்த டூநாட்பே நிறுவனத்தின் மேல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024இல் நடவடிக்கை எடுத்தது. மனித வக்கீலுக்கு நிகரானதா என்று சோதித்தே பார்க்கவில்லை என்பது குற்றச்சாட்டு. 1,93,000 டாலர் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது.

அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஐம்பது மின்னஞ்சலைக் கொடுத்துத் தேதிவாரியாக அட்டவணை போடச் சொன்னால் நன்றாகச் செய்யும் (பெயர்களையும் கணக்கு எண்களையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள், வக்கீலிடம் பேசுவதற்கு இருக்கும் இரகசியப் பாதுகாப்பு இங்கே இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது). “என் எதிராளியின் வக்கீலாக இருந்து என்னை மடக்கு” என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் பக்கத்து ஓட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அந்த அட்டவணையைக் கிளினிக்குக்கோ கேள்வி-பதில் தளத்துக்கோ எடுத்துப் போனால் அவர்கள் நேரம் மிச்சமாகும். கெடு நாள், சட்டப் பிரிவு, பழைய தீர்ப்பு ஆகிய மூன்றை மட்டும் அது சொன்னபடியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நீதிமன்றத் தளத்தில் ஒருதரம் பார்த்துவிட வேண்டும்.

எல்லோரும் கைவிடும் இடம்

தீர்ப்பு வாங்கும் வரை கூடவே வரும் இந்த உதவிகள் எல்லாம் வசூலில் காணாமல் போய்விடும். உத்தரவு உங்கள் பக்கம் வந்தாலும் நீதிமன்றம் பணத்தை வசூலித்துக் கொண்டுவந்து தராது. நிறைவேற்று மனு, ஜப்தி என்று அது தனிப் பாதை, பெரும்பாலும் செலவுள்ள பாதை. எனவே இலவச உதவி தேடும் முன்பே எதிர் நிறுவனம் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. இங்கிலாந்தில் கம்பெனிஸ் ஹவுஸ் தளத்தில் எந்தக் கம்பெனியின் கணக்குத் தாக்கலையும் இலவசமாகவே பார்க்கலாம். இந்தியாவில் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளம் ஒரு கம்பெனியின் அடிப்படை விவரங்களையும் தற்போதைய நிலையையும் காட்டும். அங்கே ‘பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது’ என்று இருந்தால், சிறு வழக்குப் படிவத்தை மூடி வைத்துவிட்டு, அந்தக் கம்பெனி இயக்குநர் தனிப்பட்ட முறையில் ஏதாவது உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று பழைய கோப்பைப் புரட்ட வேண்டியதுதான்.