டஸ்கனியின் வெள்ளைச் சாலையா, உம்ப்ரியாவின் பழைய ரயில் தடமா?

இத்தாலியின் கிராமப்புறச் சரளையில், வாகனத் தொல்லையின்றி சைக்கிள் மிதிக்க வேண்டும். டஸ்கனியின் கையோலே இன் கியாந்தி ஊரில் தொடங்கி, ‘வெள்ளைச் சாலை’ எனப்படும் வெண்சரளைச் சாலைகள் வழியே சுற்றிவரும் 209 கி.மீ. எரோய்கா சைக்கிள் வளையமா, உம்ப்ரியாவில் ரயில் நின்றுபோன ஸ்போலேட்டோ–நோர்ச்சா தடமா?

வாகனம்: எரோய்காவில் தார்ச்சாலையும் கலந்து வரும், வெள்ளைச் சாலையிலும் அவ்வப்போது ஒரு கார் புழுதி கிளப்பிப் போகும். ரயில் தடத்தின் பெரும்பகுதியில் கார் நுழைய வழியில்லை.

ஏற்றம்: பெரிய வேறுபாடு இதுதான். 1926 முதல் 1968 வரை ரயில் ஓடிய பாதை என்பதால் சரிவு 4.5 சதவீதத்தைத் தாண்டாது. எரோய்கா ஏறி இறங்கும் சியன்னாவின் களிமண் குன்றுகளோ 10 சதவீதத்துக்கு மேலும் நிமிரும்; அகலமான டயரும் சின்ன கியரும் இல்லையென்றால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். அதில் வெட்கமும் இல்லை.

வெயில்: டஸ்கனியின் ஜூலை வறுத்தெடுக்கும். ரயில் தடத்தில் மலையைக் குடைந்த குகைப்பாதைகள் உண்டு. நீளமானது ஏறத்தாழ 2 கி.மீ. உள்ளே கும்மிருட்டு, குளிர். விளக்கு கட்டாயம்.

போய்ச்சேர: ஸ்போலேட்டோவுக்கு ரோமிலிருந்து ரயில் உண்டு. கையோலேயில் நிலையமே இல்லை.

குழந்தைகளோடு போனால் ரயில் தடம். ஆனால் 2016 நிலநடுக்கம் நோர்ச்சா பக்கத்தைச் சேதப்படுத்தியது. எதுவரை திறந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். காலில் வலுவும் கையில் மூன்று நாளும் இருந்தால் எரோய்கா, அதுவும் மே மாதத்தில்.