வீடு மாற்றும்போது டிப்ஸ்: பில்லில் சதவீதமா, தலைக்கு இவ்வளவா, மேஸ்திரி கையிலா?

வாடகை வண்டி பேசும்போது நூறு ரூபாய்க்கு அரைமணி நேரம் மல்லுக்கட்டுகிற ஆட்கள்தான் நாம். அதே ஆட்கள், சாமான் எல்லாம் இறங்கி முடிந்து, நாலு பேர் வேர்வை சொட்டச் சொட்ட வாசலில் நின்று "பாத்துப் போட்டுக் குடுங்க சார்" என்றதும் திணறிவிடுகிறோம். ஐம்பது கொடுத்தால் கேவலமா, ஐந்நூறு கொடுத்தால் ஏமாளியா, யார் கையில் கொடுப்பது, டிரைவருக்கும் உண்டா? பக்கத்து வீட்டில் கேட்டால் ஒரு கணக்கு, மாமனாரிடம் கேட்டால் வேறு கணக்கு. கடலூர், புதுச்சேரி பக்கம் புழக்கத்தில் இருக்கிற வழிகளை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்துவிடலாம். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தலைக்கு இவ்வளவு, அவரவர் கையில், பணமாக.

அதற்கு முன்னால், யார் வந்து சாமான் தூக்குகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். கடலூருக்குள்ளேயே திருப்பாதிரிப்புலியூரிலிருந்து செம்மண்டலத்துக்கு மாறுகிறீர்கள் என்றால் குட்டியானை ஒன்று, லோடுமேன் மூன்று நான்கு பேர், அவ்வளவுதான். வண்டி வாடகை தனி, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி தனி, மாடி என்றால் அதற்கு மேலே ஒரு தொகை. எல்லாம் நேருக்கு நேர் பேசி முடித்தது, பேசிய பணம் அன்றைக்கே அவர்கள் கைக்குப் போகிறது. மேலே கொடுப்பது டீ காசு, கை நிறைவுக்காக. பேக்கர்ஸ் கம்பெனி கதை வேறு. பபிள் ஷீட், அட்டைப்பெட்டி, இன்சூரன்ஸ், 18 சதவீதம் ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து பில் பெரிதாக வரும். அந்தப் பணம் ஆபீசுக்குப் போகிறது, சாமான் தூக்குகிற பையனுக்குச் சம்பளமோ தினக்கூலியோதான். இதில் பலரும் தலைகீழாக நடந்துகொள்கிறார்கள். கம்பெனிக்குத்தான் இவ்வளவு கொட்டிக் கொடுத்தாயிற்றே என்று அந்தப் பையனை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, ஏற்கெனவே நல்ல கூலி பேசி வாங்கிய உள்ளூர் ஆட்களுக்கு வெட்கப்பட்டுக்கொண்டு அள்ளிக் கொடுப்பார்கள். என்னைக் கேட்டால் கம்பெனி ஆட்களுக்குத்தான் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

இப்போது சதவீதக் கட்சி. அமெரிக்காவில் மகன் இருக்கிற வீடுகளில் இது அதிகம். அங்கே ஹோட்டல் பில்லில் 15, 20 சதவீதம் வைக்கிற பழக்கத்தை அப்படியே கொண்டுவந்து லாரி பில்லிலும் வைக்கச் சொல்வார்கள். கணக்கு சுலபம்தான், ஆனால் நியாயம் எங்கே? புதுச்சேரியிலிருந்து பெங்களூருக்குப் போகிற வீட்டுக்கு பில் 25,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் லிஃப்ட் இருக்கிறது. பத்து சதவீதம் என்றால் 2,500. லாஸ்பேட்டையில் இரண்டாவது மாடியிலிருந்து இறக்கி முத்தியால்பேட்டையில் மூன்றாவது மாடிக்கு ஏற்ற, லிஃப்டே கிடையாது, பில் 7,000. அதே பத்து சதவீதம் 700தான் வரும். பெங்களூர் பில்லில் பாதிக்குமேல் டீசலும் டோலும். முதுகு ஒடிந்தது முத்தியால்பேட்டைக்காரர்களுக்கு. பில் தொகைக்கும் பட்ட பாட்டுக்கும் சம்பந்தமே இல்லாத இடத்தில் சதவீதம் எதற்கு?

பாடு எங்கே இருக்கிறது என்றால் படிக்கட்டில் இருக்கிறது. நம் பக்கத்து மாடிப் போர்ஷன் வீடுகளில் படி வெளிப்பக்கமாக ஏறி, பாதியில் ஒரு திருப்பம் திரும்பும், கைப்பிடிச் சுவர் இடுப்பளவு இருக்கும், ஓனர் அந்தத் திருப்பத்தில் ஒரு துளசி மாடமோ செருப்பு ஸ்டாண்டோ வைத்திருப்பார். இரும்பு பீரோவைச் சாக்கு சுற்றி, கயிற்றை நெற்றியிலும் முதுகிலும் மாட்டிக்கொண்டு ஒருவர் முன்னால், கீழ்ப்பக்கம் எடையை வாங்கிக்கொண்டு ஒருவர் பின்னால். திருப்பம் வந்ததும் பீரோவை நிமிர்த்தி, கைப்பிடிச் சுவர்மேல் ஒரு மூலையை உட்காரவைத்து, அப்படியே சுழற்றி எடுப்பார்கள். அந்த நேரத்தில் கீழே இருப்பவர் கையில் பாரம் முழுவதும் இறங்கும், பேச்சே வராது, "ம்ம், ம்ம்" என்ற சத்தம் மட்டும்தான். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-லேயே, ஓர் ஆள் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று பரிந்துரை செய்திருக்கிறது. பீரோவை விடுங்கள், முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷின், பார்க்கச் சின்னதாக இருக்கும், அதுவே 60 கிலோவுக்கு மேல் வரும், ஆடாமல் நிற்பதற்காக உள்ளே கான்கிரீட் கட்டை வைத்திருக்கிறார்கள். (அதை வாங்கும்போது டிரம்மைப் பிடித்திருந்த நாலு போல்ட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் இப்போது மாட்டி அனுப்பலாம். யார் வைத்திருக்கிறார்கள், சரி.)

அதனால் தலைக்கு இவ்வளவு என்பதுதான் ஒழுங்கான அடிப்படை, அதன்மேல் மாடியையும் வானிலையையும் பார்த்துக் கூட்டிக்கொள்வது. என் கணக்கு இது, யாரும் எழுதிவைத்த விதி இல்லை. உள்ளூர் லோடுமேன், தரைத்தளத்திலிருந்து தரைத்தளம், அரைநாள் வேலை என்றால் பேசிய கூலிக்கு மேல் ஆளுக்கு 100. லிஃப்ட் இல்லாத மாடி, அல்லது வண்டி உள்ளே வராமல் தெருமுனையிலிருந்து நடந்து சுமக்கிற சந்து என்றால் 200. பேக்கர்ஸ் கம்பெனி ஆட்கள் நாள் முழுக்க நின்று கட்டி ஏற்றினால் 200 முதல் 300. மழை நாளில் இதற்கு மேலேயும் கொடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் புதுச்சேரி ரெயின்போ நகர் பக்கம் முழங்கால் தண்ணீரில் நின்று மெத்தை நனையாமல் தலைமேல் வைத்துக்கொண்டு போகிறவரிடம் நூறு ரூபாயை நீட்ட எனக்குக் கை வராது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், வண்டி சும்மா நிற்கும், வாடகையைக் குறைத்துப் பேசியிருப்பீர்கள். அந்த மிச்சத்தில் கொஞ்சத்தை ஆட்களிடம் தள்ளிவிடலாம்.

அடுத்தது பெரிய தகராறு: மேஸ்திரி கையில் மொத்தமாகவா, ஆளாளுக்குத் தனியாகவா? மொத்தமாகக் கொடுப்பதில் வசதி இருக்கிறது, மறுப்பதற்கில்லை. யார் எவ்வளவு வேலை செய்தார் என்று மேஸ்திரிக்குத் தெரியும், நமக்குச் சில்லறைத் தொல்லை இல்லை, புது வீட்டில் பால் காய்ச்ச அடுப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிற நேரத்தில் ஒருவரிடம் கொடுத்தோமா முடித்தோமா என்று போய்விடலாம். வருஷக்கணக்காக ஒன்றாகவே ஓடுகிற உள்ளூர் செட் என்றால் அதுதான் மரியாதையும்கூட, மேஸ்திரியைத் தாண்டிக் கொடுத்தால் அவருக்கு முகம் சுருங்கும். ஆனால் கம்பெனி சூப்பர்வைசர் "நான் பிரிச்சுக் குடுத்துக்கறேன் சார்" என்று கையை நீட்டும்போது, பின்னால் நிற்கிற பையன்களின் முகத்தை ஒரு தடவை பாருங்கள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் விஷயம் புரிந்துவிடும். அன்றைக்கு மட்டும் கூப்பிட்டு வரப்பட்ட வெளியூர்ப் பையனுக்கு மேஸ்திரி கையிலிருந்து என்ன வந்து சேரும் என்பது மேஸ்திரியின் மனசைப் பொறுத்தது. எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து பட்டுவாடா செய்வதும் நன்றாக இருக்காதுதான். தண்ணீர் கொடுக்கிற சாக்கில் அவரவர் கையில் மடித்து வைத்துவிட்டு, மேஸ்திரிக்கு எல்லார் முன்னாலும் ஒரு ஐம்பது நூறு கூட வைத்தால் அவர் முகமும் வாடாது.

ஊர்விட்டு ஊர் மாறுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சென்னையிலிருந்து புதுச்சேரி வருகிறீர்கள் என்றால் அங்கே கட்டி ஏற்றிய ஆட்கள் வேறு, இங்கே இறக்குகிற ஆட்கள் வேறாக இருப்பது சகஜம். கடைசியில் கொடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தால், உங்கள் கண்ணாடிப் பாத்திரத்தை ஒவ்வொன்றாகப் பேப்பர் சுற்றி அடுக்கின ஆளுக்கு ஒன்றும் கிடைக்காது, இங்கே பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தவருக்கு முழுசாகப் போகும். உண்மையில் சாமான் உடையாமல் வந்ததற்குப் பாதிக் காரணம் ஏற்றினவர்தான். நினைத்திருக்கிற தொகையை இரண்டாகப் பிரித்து, பாதியை ஏற்றுகிற இடத்திலேயே கொடுத்துவிடுங்கள். கட்டிலைக் கழற்றி, போல்ட்டு நட்டையெல்லாம் ஒரு கவரில் போட்டு, அந்தக் கவரைத் தலைமாட்டுப் பலகையிலேயே டேப் போட்டு ஒட்டுகிற ஆள் ஒருத்தர் இருப்பார். அவருக்கு நான் தனியாக இன்னொரு நூறு கொடுப்பேன். ராத்திரி பத்து மணிக்கு எந்தப் பெட்டியில் நட்டு இருக்கிறது என்று தேடிப் பார்த்தவர்களுக்கு அந்த நூறின் அருமை தெரியும்.

சாப்பாடா, பணமா? சாப்பாடு வாங்கிக் கொடுத்தால் டிப்ஸ் வேண்டாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு அது ஒப்பவில்லை. மதியம் தாண்டி வேலை போகிறதென்றால் சாப்பாடு நம் வீட்டு மரியாதை, அதைக் கணக்கில் கழிப்பது அழகில்லை. டீ, வடை, தண்ணீர் எல்லாம் கேட்காமலே வந்துவிட வேண்டும். சாப்பாட்டுக்குக் காசாகவே கொடுத்துவிடுவதில் ஒரு நல்லது உண்டு, அவர்களுக்குப் பிடித்த இடத்தில் பிடித்ததைச் சாப்பிடுவார்கள். மோசம் என்னவென்றால், பக்கத்தில் ஹோட்டல் இல்லாத புது நகர் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர்கள் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வருவார்கள், உங்கள் ஃப்ரிட்ஜும் வண்டியிலேயே வெயில் காயும். அந்த மாதிரி இடத்துக்குப் பார்சல்தான் தோது.

புதுச்சேரி என்பதால் இன்னொரு வழக்கமும் இருக்கிறது, பணத்துக்குப் பதில் பாட்டில். சரக்கு இங்கே விலை குறைவு, ஆட்களும் சில பேர் அதையே கேட்பார்கள். இதை ஒப்பிட்டுப் பார்க்கவே வேண்டாம் என்பேன். பாட்டிலை மத்தியானமே கொடுத்துவிட்டால் பீரோ படியில் ஏறுகிற லட்சணத்தை நினைத்துப் பாருங்கள். கடலூருக்கு இறக்கப் போகிற வண்டி என்றால் இன்னும் வம்பு, முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு, ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் நிறுத்திப் பார்ப்பார்கள். பாட்டில் சிக்கினால் சாமானோடு வண்டி அங்கேயே நிற்கும், டிரைவர் மேல் வழக்கு வரும். காசைக் கொடுங்கள், அதை என்ன செய்வது என்று அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

டிரைவருக்கு பேட்டா வாடகைக்குள்ளேயே இருக்கிறதா என்று வண்டி பேசும்போதே கேட்டுவிட வேண்டும். அவர் ஸ்டியரிங்கை விட்டு இறங்காமல் போன் பார்த்துக்கொண்டிருந்தால் பேட்டாவோடு சரி. இறங்கி வந்து ஒரு கை பிடித்தால் அவரும் நாலில் ஒருவர்தான். பழைய டிவி, பழைய மெத்தையைக் கொடுத்துவிட்டு டிப்ஸ் முடிந்தது என்பவர்களும் உண்டு. அவர்கள் கேட்டு வாங்கினால் நல்லது, இல்லாவிட்டால் நம் குப்பையை அவர் தலையில் கட்டுகிறோம். கம்பெனி ஆட்கள் ஐந்து ஸ்டார் ரிவ்யூ போடச் சொல்லிக் கேட்பார்கள். பெயரைக் குறிப்பிட்டுப் போடுங்கள், காசையும் கொடுங்கள். கேரளாவில் 2018-இல் அரசு தடை செய்த நோக்குக்கூலி மாதிரி, தூக்காமலே நின்று பார்த்ததற்குக் காசு கேட்டு யாராவது வந்தால் அது டிப்ஸில் சேர்த்தி இல்லை, ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை.

ஏதாவது உடைந்துவிட்டால்? கம்பெனி என்றால் இன்சூரன்ஸ் பணம் கட்டியிருப்பீர்கள், போட்டோ எடுத்து அவர்களிடம் கேளுங்கள், பையன் டிப்ஸில் கைவைக்க வேண்டாம். வேண்டுமென்றே தூக்கிப் போட்டால் தவிர, ஒரு பீங்கான் தட்டுக்காக நாலு பேர் காசைப் பிடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. உள்ளூர் செட்டுக்கு இன்சூரன்ஸ் எல்லாம் கிடையாது, பெரிய சேதம் என்றால் மேஸ்திரியிடம் கூலியிலேயே பேசித் தீர்த்துக்கொள்வதுதான் வழி.

முன்னாலேயே கொடுத்தால் நன்றாகப் பார்த்துச் செய்வார்கள் என்பது ஒரு நம்பிக்கை. காலையில் டீக்கு மட்டும் ஏதாவது கொடுத்துவிட்டு, மீதியைக் கட்டில் மாட்டி முடித்து, பீரோ சொன்ன சுவரோரம் நின்ற பிறகு கொடுப்பதுதான் சரிப்படும். அதற்குள் வண்டியில் ஏறிவிட்டால் பீரோவை நகர்த்த யாரைக் கூப்பிடுவீர்கள்?

கடைசியாகச் சில்லறை. ஏடிஎம்மில் பெரும்பாலும் ஐந்நூறாகத்தான் வரும், ஐந்நூறை நாலு பேருக்கு மேஸ்திரிதான் பிரிக்க முடியும், நான் வேண்டாம் என்று சொன்ன இடத்திலேயே வந்து நிற்போம். ஜிபேயும் அப்படித்தான், ஒருத்தர் போனுக்குத்தான் போகும், மற்றவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முதல் நாளே பேங்கிலோ தெரிந்த மளிகைக்கடையிலோ நூறும் இருநூறுமாக மாற்றி ஒரு கவரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் வைத்தீர்களானால் அதையும் ஒரு அட்டைப்பெட்டிக்குள் அடுக்கி டேப் ஒட்டிவிடுவார்கள்.