"பழைய வண்டின்னா அப்படித்தான் அண்ணே": என்ஜினைக் கோணலாக ஏற்றிவிட்டு மூன்று பில் போட்ட கதை

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும் சிங்கப்பூர் நண்பர்களுக்கு: என்ஜினை இறக்கி ஏற்றிய பிறகு, முன்பு இல்லாத அதிர்வு உங்கள் காரில் புதிதாக வந்திருந்தால், வொர்க்‌ஷாப் நீட்டும் அடுத்த பில்லைக் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது 1972 டாட்சன் 240 ஸெட். என்ஜின் ஓவர்ஹாலுக்காக வடக்குப் பக்கத் தொழிற்பேட்டை ஒன்றில் விட்டேன். வொர்க்‌ஷாப்பின் பெயரை எழுதப்போவதில்லை. விவகாரம் சமரசத்தில் முடிந்தபோது பெயரை வெளியிடுவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நடத்துபவர் நம்ம ஆள்தான். வாய்க்கு வாய் அண்ணே போடுவார். என்ஜினை அவர் கெடுக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கம்ப்ரெஷன் ஆறு சிலிண்டரிலும் ஒரே சீராக இருந்தது. கோளாறெல்லாம் அதைத் திரும்பக் காரில் உட்கார வைத்த விதத்தில்தான்.

காரை எடுத்த அன்றே தெரிந்துவிட்டது. கியர் கம்பு நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி, மூன்றாவது கியரில் தள்ளினால் துளையின் ஓரத்தில் இடித்தது. 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம். கிளட்சை மிதித்து, நியூட்ரலில் உருளவிட்டுப் பார்த்தேன். அப்போதும் நடுக்கம் நிற்கவில்லை. அப்படியென்றால் அது என்ஜின் ஓடுவதால் வருவதில்லை, கியர்பாக்ஸுக்குப் பின்னால் சுற்றும் ஏதோ ஒன்றால் வருகிறது. இந்தச் சோதனைக்குக் காசே செலவில்லை. ஆளில்லாத நேராக ஓடும் சாலையில் யாரும் செய்து பார்க்கலாம்.

இதைச் சொன்னதற்கு வந்த பதில், "கிளட்ச் பிளேட் போயிருக்கும் அண்ணே." 1,450 வெள்ளி. நடுக்கம் அப்படியே இருந்தது. அடுத்து, "புரொப்பெல்லர் ஷாஃப்ட் பேலன்ஸ் இல்ல, வெளில கொடுத்து எடுத்துட்டு வர்றேன்." கியர்பாக்ஸிலிருந்து பின்னால் சக்தியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு அது. 380 வெள்ளி. அப்போதும் போகவில்லை. அப்புறம் என்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர், "ஜப்பான் ஒரிஜினல்", 420 வெள்ளி. ஒவ்வொரு தடவையும் "ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று சாவியைக் கையில் கொடுத்துவிடுவார். கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிந்த கார் வருடத்துக்குக் குறிப்பிட்ட சில நாள்தான் சாலையில் ஓடலாம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அவருடைய ஊகத்தைச் சோதிக்க என் நாள்கள் கழிந்துகொண்டிருந்தன.

கடைசியில் காரின் மேலேயே பழியைப் போட்டார். "இந்த மாடல் டிசைனே அப்படி அண்ணே, டிஃபரென்ஷியல் முன்னால தள்ளி இருக்கும், ஷாஃப்ட் சாய்வாத்தான் போகும்." பாதி உண்மை. ஆரம்பகால 240 ஸெட்டில் டிஃபரென்ஷியல், அதாவது சக்தியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, பின்சக்கர மையத்துக்கு முன்னால் இருந்தது, சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டுகள் கோணலாகப் போயின. அதனால்தான் 1971 நடுவில் டாட்சனைத் தயாரித்த நிசான் அதை 35 மில்லிமீட்டர் பின்னால் தள்ளி வைத்தது. என் கார் 1972. தவிர, அந்தச் சாய்வு இருந்தது சக்கர ஷாஃப்டுகளில், நடுவில் ஓடும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் அல்ல. இதை எடுத்துச் சொன்னதும் பேச்சை மாற்றி, "அப்ப சேஸிஸ் வளைஞ்சிருக்கு" என்று 4,800 வெள்ளிக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார். அளந்தீர்களா என்று கேட்டேன். "பாத்தாலே தெரியுதே அண்ணே" என்றார்.

அன்றைக்கே டோ டிரக் வைத்து காரை வெளியே எடுத்துவிட்டேன்.

நண்பர் ஒருவர் கூட்டிவந்த பெரியவர் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பல் என்ஜினையும் ஷாஃப்டையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவருவதுதான் அவருடைய தொழிலாகவே இருந்திருக்கிறது. முதலில் சேஸிஸ் கதையை முடித்துவைத்தார். அடித்தளத்தில் தொழிற்சாலையிலேயே போட்ட துளைகளிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, தரையில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்து, குறுக்காக டேப் பிடித்தார். இரண்டு மூலைவிட்டமும் சமம். வளைவும் இல்லை, ஒன்றும் இல்லை.

பிறகு காரைத் தூக்கி விளக்கைப் பிடித்தார். "தம்பி, இங்க வாங்க, இதுக்கா காசு கொடுத்தீங்க?" புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பின்னால் டிஃபரென்ஷியலோடு பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளைக் காட்டினார். நட்டு, போல்ட், ஃப்ளேஞ்ச் எனும் இணைப்புத் தட்டு மூன்றின் மேலும் பழைய சேறும் அண்டர்கோட்டிங்கும் ஒரே தோலாகப் படிந்திருந்தது. ஸ்பேனர் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. கழற்றாத ஷாஃப்டை எங்கே கொண்டுபோய் பேலன்ஸ் செய்தார்கள்? "ஜப்பான் ஒரிஜினல்" ரப்பரைத் துணியால் துடைத்தால் டயருக்குப் போடும் கறுப்புப் பாலிஷ் கையோடு வந்தது. அடியில் வெடிப்பு ஓடிய பழைய ரப்பர்.

நடுக்கத்துக்கான காரணம் அதற்கு மேலே இருந்தது. என்ஜின் பிளாக்கில் மாட்டும் மவுண்ட் பிராக்கெட் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, இரண்டும் ஒரே மாதிரி கிடையாது. இங்கே இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருந்தார்கள். என்ஜின் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அதை மறைக்கத் தாழ்ந்த பக்கத்தில் வாஷர்களை அடுக்கியிருக்கிறார்கள். கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ்மெம்பரின் துளைகள் அப்போதும் பொருந்தாததால், அவற்றை அரத்தால் ராவி நீளமாக்கி, கியர்பாக்ஸை இழுத்து முடுக்கியிருக்கிறார்கள். இறக்கியபோது இன்னொன்றும் தெரிந்தது: என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே மையத்தில் சேர்வதற்காக இருக்கும் இரண்டு டவல் பின்களில் ஒன்றைக் காணோம். கிராங்க் முனையில் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பித்தளை புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. புதிதாகப் போட்ட கிளட்ச் கொஞ்ச நாளிலேயே, மிதித்தாலும் முழுசாக விடுபடாமல் இழுக்க ஆரம்பித்ததன் காரணம் அதுதான்.

ஏன் நடுங்கியது என்பதைப் பெரியவர் சொன்னபடியே சொல்கிறேன். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் யூனிவர்சல் ஜாயிண்ட் எனும் மடங்கும் மூட்டு இருக்கும். கோணத்தில் சுற்றும்போது அது சீரான வேகத்தில் சுற்றாது. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். முன் ஜாயிண்டில் வரும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பின் ஜாயிண்ட் சரிக்கட்ட வேண்டுமானால், கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்டும் டிஃபரென்ஷியலுக்குள் போகும் ஷாஃப்டும் இணைகோடுகளாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தாலும் சரி, மேலிருந்து பார்த்தாலும் சரி. கியர்பாக்ஸை ஒரு பக்கமாக இழுத்து முடுக்கினால் இந்தக் கணக்கு கெட்டுவிடும், ஷாஃப்டை எத்தனை தடவை பேலன்ஸ் செய்தாலும் சரியாகாது. பேலன்ஸ் கோளாறு சுற்றுக்கு ஒரு தடவை ஆட்டும், கோணக் கோளாறு இரண்டு தடவை ஆட்டும். கைபேசியில் அதிர்வை அளக்கும் செயலி இருந்தாலே ஓரளவு பிரித்துப் பார்த்துவிடலாம். 240 ஸெட்டில் டிஃபரென்ஷியல் பாடியோடு பிணைந்தது, சக்கரத்தோடு ஏறி இறங்காது. அதனால் கோணத்தை நின்ற இடத்திலேயே அளக்கலாம். வேலை சுலபம்.

சரிசெய்த விதத்தைச் சொல்கிறேன், இதைக் கேட்டு வாங்குங்கள். பிராக்கெட்டுகளை அதனதன் பக்கத்துக்கு மாற்றி, புது டவல் பின், புது புஷ், உண்மையான புது ரப்பர், ராவாத வேறு கிராஸ்மெம்பர் எல்லாம் போட்டார். கியர்பாக்ஸைச் சேர்க்கும்போது ஜாக்கியில் தாங்கியே உள்ளே தள்ளினார். அதன் எடையைக் கிளட்ச் பிளேட்டில் ஒரு நிமிடம்கூடத் தொங்கவிடக் கூடாது, பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். இடைவெளி இருக்கும்போது போல்ட்டை முடுக்கி இழுத்துச் சேர்ப்பதும் கூடாது, கியர்பாக்ஸின் காது உடையும். மவுண்ட் போல்ட்டுகள் எல்லாவற்றையும் விரலால் மட்டும் திருகிவிட்டு, என்ஜினின் முழு எடையும் இறங்கிய பிறகு, கையால் முன்னும் பின்னும் ஆட்டி, கொஞ்ச நேரம் ஐட்லிங்கில் ஓடவிட்டு, அது தானாக எங்கே உட்காருகிறதோ அங்கே முடுக்கினார். கோணமானியை இரண்டு ஃப்ளேஞ்சிலும் வைத்து என்னையே படிக்கச் சொன்னார். ஃபோர்டு மஸ்டாங் மாதிரி பெல் ஹவுசிங் (கிளட்சை மூடும் கூடு) தனியாகக் கழலும் கார் வைத்திருப்பவர்கள், டயல் கேஜ் எனும் முள் வைத்த அளவுக் கருவியால் அதை அளக்கவும் கேளுங்கள். ஃப்ளைவீலில் மாட்டிச் சுற்றினால் முள் ஆடும் மொத்த அளவு 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாக வைக்கும் வரம்பு.

பணம்? முதலில் வொர்க்‌ஷாப்புக்குப் படங்களை அனுப்பினேன். "பசங்க தெரியாம செஞ்சிருப்பாங்க" என்றார். நுகர்வோர் சங்கமான கேஸிடம் (CASE) புகார் கொடுத்தேன், அதற்கும் அவர் பதிலே அனுப்பவில்லை. சிறு வழக்கு நடுவர் மன்றத்துக்குப் போனேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், வக்கீல் கிடையாது, நாமே பேச வேண்டும். எனக்குக் கைகொடுத்தது அந்தச் சேறு படிந்த போல்ட்டின் படம்தான். பெரியவர் அதில் கை வைக்கும் முன்பே, தேதி விழும்படி எடுத்து வைத்திருந்தேன். பக்கத்தில் 380 வெள்ளி இன்வாய்ஸ். விசாரணைக்கு முந்தைய ஆலோசனைக் கட்டத்திலேயே ஷாஃப்ட் பணமும் ரப்பர் பணமும் முழுதாகவும், கிளட்ச் பணத்தில் பாதியும் தர ஒப்புக்கொண்டார். ராவிய கிராஸ்மெம்பருக்கு ஒரு காசு வரவில்லை. அது முன்பிருந்தே அப்படித்தான் இருந்தது என்றார். காரை விடும்போது அடிப்பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தால்தான் அதை மறுக்க முடியும். என்னிடம் மேல்பக்கப் படங்கள் மட்டுமே இருந்தன.

கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ஜாப் ஷீட்டிலேயே எழுதி வாங்குங்கள். முகம் சுளிக்கும் வொர்க்‌ஷாப்பில் காரை விடாதீர்கள். யாராவது அளக்காமல் சேஸிஸ் வளைந்திருக்கிறது என்று சொல்லி எஸ்டிமேட் கொடுத்திருந்தால் இங்கே எழுதுங்கள். தூக்குக்குண்டு பிடிக்கப் பெரியவர் வரத் தயார், காலையில் மட்டும்.